மாவு தீர்ந்த நாளின் தோசை

“மாவு தீந்துடுச்சா அண்ணா?”

கேட்டவன் கிருத்திக். நான்கு வயது. மதியத் தூக்கம் முடிந்து எழுந்து வந்திருந்தான். கோரைப்பாயின் வரிகள் கன்னத்தில் அப்படியே இருந்தன. அவன் முன்னால் எவர்சில்வர் தட்டு, தட்டில் நான் சுட்ட கோதுமை தோசை, ஓரத்தில் கொஞ்சம் தேங்காய்ச் சட்னி.

கேள்வியில் கிண்டல் இல்லை. பக்கத்து வீட்டில் துக்கம் என்றால் பெரியவர்கள் போய் விசாரிப்பார்களே, அந்தக் குரல்.

“இல்லடா, இது ஸ்பெஷல்” என்றேன்.

அவன் தோசையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “எங்க வீட்லயும் மாவு தீந்துட்டா அம்மா இதான் குடுப்பாங்க. கடைல பாக்கெட் மாவு விக்கிது அண்ணா, வாங்கிக்கோங்க” என்று எனக்கு ஒரு வழியும் சொல்லிவிட்டு, தட்டை இரண்டு விரலால் முன்னால் தள்ளினான்.

மொசைக் தரையில் அந்தத் தட்டு உரசிய சத்தம் கேட்டதும் பக்கத்துத் தட்டு நகர்ந்தது. அதற்கடுத்தது. வரிசை முடியும்வரை சத்தம் போய்க்கொண்டே இருந்தது. மொத்தம் இருபத்திரண்டு தட்டுகள்.

நின்ற இடத்தில் நின்றபடி யோசித்தேன். பையன் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. நம் ஊரில் ஒவ்வொரு வீட்டு ஃப்ரிட்ஜிலும் ஒரு மாவுப் பாத்திரம் இருக்கிறது. அது காலியான அன்று, மாலை வேலை முடிந்து களைத்து வந்த அம்மா கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, இரண்டு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டு, “இன்னைக்கு ஒரு நாள் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று சொல்லியபடி ஊற்றுவதுதான் கோதுமை தோசை. அதை யாரும் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. நான்கு வயதுக்குள் இந்த விவரம் கிருத்திக்குக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடம் உணவியல் படித்த எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரக் கெடு

அந்தப் பள்ளி மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு பழைய மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. காலையில் விளையாட்டுப் பள்ளி. மதியத்துக்கு மேல் காப்பகம். பெற்றோர்களில் பாதிப் பேர் பெருங்குடிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தார்கள். மற்றவர்கள் தி.நகரிலும் மயிலாப்பூரிலும் சின்னதும் பெரியதுமாகக் கடை வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மாலை ஆறு ஏழு மணிவரை எங்களிடம்தான். மதியச் சாப்பாடு வீட்டிலிருந்து டப்பாவில் வந்துவிடும். தூங்கி எழுந்ததும் மூன்றரை மணிச் சிற்றுண்டி மட்டும் பள்ளியின் பொறுப்பு.

நான் போவதற்கு முன்னால் அந்தச் சிற்றுண்டி கிரீம் பிஸ்கட். திங்களும் அதுதான், வெள்ளியும் அதுதான்.

பள்ளியை நடத்தியவர் ராஜி மேடம். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். வேலை கேட்டுப் போன அன்று மைதா மாவின் கெடுதல்களைப் பற்றி அவரிடம் இருபது நிமிடம் பேசினேன். அவர் மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நன்னாத்தான் பேசறே செல்வம். ஆனா குழந்தைகள் பிரசங்கத்தைச் சாப்பிடாதே. ரெண்டு வாரம் எடுத்துக்கோ. கோதுமையோ கேழ்வரகோ, உன் இஷ்டம். தட்டு காலியா திரும்பி வரணும். வரலைன்னா நான் பிஸ்கட்டுக்கே போயிடுவேன். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கறதுக்கு ஒரு பட்டதாரி எதுக்கு, நீயே சொல்லு.”

நியாயமான கேள்வி. இரண்டாவது வெள்ளிக்கிழமை அவரே வந்து தட்டுகளைப் பார்ப்பது என்று முடிவானது. தட்டு காலியென்றால் எனக்கு வேலை. இல்லையென்றால் நான் மறுபடியும் விண்ணப்பம் எழுத உட்கார வேண்டியதுதான்.

நான் பயப்படவில்லை. தவிடு நீக்காத முழுக் கோதுமை, அதில் தோசை. தோசை என்றால் வேண்டாம் என்று சொல்கிற பிள்ளை இந்த ஊரில் ஏது? அதுதான் என் கணக்கு. திங்கட்கிழமை மூன்றரை மணிக்கு அந்தக் கணக்கு என்ன ஆனது என்பதைத்தான் மேலே சொன்னேன்.

“யாருக்கு சுகர்?”

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு எங்கள் வீட்டைத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். வீடு மந்தைவெளியில். அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்குகிறார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான்.

எங்கள் தெருவில் கோதுமைக்கு ஒரே அர்த்தம். டாக்டர் எழுதிக் கொடுத்தால்தான் அது வீட்டுக்குள் வரும். யாராவது சப்பாத்திக்கு மாவு பிசைந்தால், அடுத்த வீட்டில் “அந்த அண்ணனுக்கு சுகர் வந்துடுச்சாம்” என்று பேசிக்கொள்வார்கள்.

நான் மாவு மில்லில் அரைத்த கோதுமையைப் பையோடு கொண்டுவந்து வைத்தபோது அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்திவிட்டார்.

“யாருக்கு நைனா சுகர்?”

“யாருக்கும் இல்லப்பா. ஸ்கூல் பசங்களுக்கு.”

“கொயந்தைங்களுக்கு சுகரா?” அவர் நிஜமாகவே பதறிப்போனார்.

விளக்கிச் சொன்னேன். தவிடு, தாது உப்பு, மெதுவாகச் செரிப்பது, எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “மூணு வருசம் படிக்க வெச்சா, இவன் தோசை சுடப் போறானாம். நம்ம தெரு முனைல அவன் அவன் படிக்காமலே சுட்டுகினு கீறான்.”

அம்மா சிரிக்கவில்லை. “அவன் சுடறது வேற தோசையா இருக்கும்” என்றார். அப்போது அதற்கு என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

நார் தேடிய நாள்

முதல் வாரத்தில் நான் செய்த வேலைகளை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மாவில் பீட்ரூட் சாறு கலந்தேன். தோசை ரோஜா நிறத்தில் வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. கிருத்திக் குனிந்து பார்த்து, “யார் இதுல பெயிண்ட் ஊத்தினது?” என்றான். தட்டு நகர்ந்தது.

புதன்கிழமை அச்சு வைத்து நட்சத்திரமாக வெட்டினேன். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. நெற்றியில் ஒட்டிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார்கள். வாய்க்குள் ஒன்றும் போகவில்லை.

வியாழக்கிழமை நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. தட்டு வைப்பதற்கு முன்னால் நடுவில் நின்று ஒரு சின்ன உரை ஆற்றினேன். “கோதுமைல நார்ச்சத்து இருக்கு. அது வயித்துக்கு ரொம்ப நல்லது.”

கிருத்திக் கை தூக்கினான். “நார்னா, பூ கட்டுவாங்களே, அதா?”

தினமும் காலையில் பூக்கடை வரிசையைத் தாண்டித்தான் அவன் பள்ளிக்கு வருகிறான். “கிட்டத்தட்ட அதான்” என்று சொல்லித் தொலைத்தேன்.

அடுத்த பத்து நிமிடம் இருபத்திரண்டு பேரும் தோசையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நாரைத் தேடினார்கள். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள், அவளுடைய தோசையில் மட்டும் நார் இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கன்னியம்மா அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் பள்ளியின் ஆயா. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருப்பவர், அப்பாவின் ஆட்டோவில் ஏறியவர், அதனால் என்னிடம் எதையும் சொல்லும் உரிமை உள்ளவர்.

“இன்னா தம்பி, தோசைக்குள்ள நாரு கீதுன்னு நீயே சொல்லிட்டு, அப்பால துன்னலன்னா எப்டி?”

திரும்பி வந்த தோசை ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். அது நீண்டது, கிழியவில்லை. “இத்த உங்க நைனாகிட்ட குடு. டயருக்குப் பஞ்சர் ஒட்டலாம்.”

கல்லூரிப் பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். வெள்ளிக்கிழமை மாலை, பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே ஒன்றன்கீழ் ஒன்றாக “ஆர்வம் இல்லை” என்று எழுதினேன். எழுதும்போது இந்த இரண்டு சொல்லையும் எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்று பிடிபடவில்லை.

அமீராவின் இடது கை

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை. என் முகத்தைப் பார்த்தாலே பிள்ளைகள் தட்டைத் தள்ளுகிறார்கள் என்று ஒரு சந்தேகம். தட்டுகளை வைத்துவிட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அன்றைக்கு எந்த வித்தையும் இல்லை. வெறும் தோசை.

வரிசையின் கடைசியில் அமீரா. தி.நகரில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள். வீட்டில் உருது, பள்ளியில் தமிழ், இரண்டையும் சிக்கனமாகப் பேசுகிற குழந்தை. எல்லோருக்கும் கடைசியாகத்தான் தட்டைத் தள்ளுவாள். நான் அதைப் பணிவு என்று நினைத்திருந்தேன்.

அவள் வலது கையால் தோசையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். தோசையோடு சேர்ந்து தட்டும் வந்தது. கட்டைவிரலை நடுவில் ஊன்றி மற்ற விரல்களால் இழுத்தாள். தோசை வளைந்ததே தவிரப் பிரியவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தாள். மூச்சு விட்டாள். சுற்றிலும் ஒரு முறை பார்த்தாள். பிறகு இடது கை மெல்ல வந்து தோசையின் மறுபக்கத்தை அமுக்கியது. ஒரு சின்னக் கிழிசல் விழுந்தது. முகம் மலர்ந்தது.

“ஏய் அமீரா, பீச்சாங்கைய எடு. துன்றதுல வெக்கலாமா அத்த?” என்றார் கன்னியம்மா அக்கா. அதட்டல்கூட இல்லை, பழக்கத்தில் சொன்னார்.

இடது கை முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. அதற்குப் பிறகு அவள் தோசையைத் தொடவில்லை.

“துன்னு கண்ணு.”

“வேணாம்.”

“ஏன், பிடிக்கலியா?”

அமீரா ஒரு கணம் யோசித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று தலையாட்டினாள்.

கன்னியம்மா அக்காவைக் குறை சொல்ல முடியாது. அமீராவின் வீட்டிலும் அதே சட்டம், கிருத்திக்கின் வீட்டிலும் அதே, எங்கள் வீட்டிலும் அதே. சாப்பாட்டில் இடது கை படக் கூடாது. வீட்டில் இது ஒரு சிரமமே இல்லை. அரிசி தோசை ஓரத்தைத் தொட்டாலே உடைந்துவிடும். அப்படியே இருந்தாலும் அம்மா பிய்த்து ஊட்டிவிடுவார். பள்ளியில் இருபத்திரண்டு பேருக்குப் பிய்த்துக் கொடுக்க ஆள் கிடையாது. நான் சுட்டு வைத்ததோ, பெரியவர்களே இரண்டு கை போட்டு இழுக்க வேண்டிய வஸ்து.

அவர்கள் யாரும் “கிழிக்க வரல” என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றார்கள். அது சொல்வதற்குச் சுலபம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், நானே அப்படிச் சொன்னவன்.

வயிறு சரியில்லாத மாணவன்

கல்லூரியில் முதல் வருடம். செய்முறை வகுப்பு. வெளிநாட்டுப் பலகாரம் ஒன்று செய்து காட்டினார் எங்கள் ஆசிரியர். க்ரேப் என்றார். முழுக்கோதுமை மாவைப் பாலில் கரைத்து மெல்லிசாக ஊற்றி, உள்ளே பழம் வைத்து மடித்தது. வாசனையே ஆளை இழுத்தது. காலையிலிருந்து நான் ஒரு டீயைத் தவிர எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

எல்லோரும் மேஜையில் உட்கார வேண்டும், கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிட வேண்டும், அதுவும் மதிப்பெண்ணில் சேரும் என்றார். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தேன். அவள் முள்கரண்டியை இடது கையில் பிடித்திருந்தாள். அந்தக் கையாலேயே வாய்க்குக் கொண்டு போனாள்.

நான் முள்கரண்டியை எடுத்தேன். எந்தக் கையில் வைப்பது என்று தெரியவில்லை. வலது கையில் வைத்தேன். அப்புறம் கத்திக்குக் கை இல்லை. மாற்றினேன். இடது கையில் எடுத்த சாப்பாடு வாய்க்கு வருவதற்கு முன்னாலேயே உடம்பு கூசியது. கரண்டி பீங்கானில் பட்டுக் கிறீச்சென்றது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கீழே வைத்துவிட்டேன்.

“ஏன்பா சாப்பிடல?” என்றார் ஆசிரியர்.

“வேணாம் சார். வயிறு சரியில்ல.”

நல்ல மனிதர்தான். மேற்கொண்டு கேட்டு என்னைச் சங்கடப்படுத்தவில்லை. ஆனால் வாரக் கடைசியில் என் செய்முறை நோட்டு திரும்பி வந்தபோது, சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. “ஆர்வம் இல்லை.”

அந்தப் பலகாரத்தின் மேல் எனக்கு இருந்த ஆர்வத்தை அவர் கண்டிருக்கவே முடியாது. அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கையில் எடுத்துச் சுருட்டிக் கடித்திருந்தால் நான்கு வாயில் முடிந்திருக்கும்.

கதவுக்குப் பின்னால் நின்றபடி நினைவு இந்த இடத்துக்கு வந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. சுருட்டிக் கடிக்கலாமே. கிழிக்கவே வேண்டாமே.

தேய்க்காதே, சுழற்று

புதன்கிழமை அதிகாலையில் வீட்டு அடுப்பில் ஆரம்பித்தேன். பள்ளிக்கு அன்று அவல் உப்புமா கிண்டிக் கொடுத்துவிடுவதாக முடிவு செய்துகொண்டேன். இருப்பது மூன்றே நாள். ஒரு நாளைப் பயிற்சிக்குக் கொடுத்தால்தான் மற்ற இரண்டும் பிழைக்கும்.

சுருட்டினால் விரியக் கூடாது, கடித்தால் இழுபடக் கூடாது. அதற்குத் தோசை மெல்லிசாக இருக்க வேண்டும். நான் எவ்வளவு மெல்லிசாகத் தேய்த்தாலும் நடுவில் பிய்ந்தது, ஓரத்தில் தடித்தது. நான்கைந்து வீணான பிறகுதான் தப்பு கையில் இருப்பது புரிந்தது. இந்த ஊரில் கரண்டி பிடித்த எவனுக்கும், மாவை ஊற்றியதும் கரண்டியின் அடிப்பக்கம் தானாகவே நடுவிலிருந்து வட்டம் போட ஆரம்பித்துவிடும். புளித்த அரிசி மாவு அதற்கு இடம் கொடுக்கும். பாலில் கரைத்த கோதுமை சூட்டில் விழுந்ததுமே இறுகிக்கொள்கிறது. அதன்மேல் கரண்டியை ஓட்டினால் கிழியத்தான் செய்யும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கல்லையே சுழற்ற வேண்டும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக விவரமாகச் சொல்கிறேன். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அப்படியே செய்யுங்கள்.

ஒரு டம்ளர் கோதுமை மாவு. சலிக்க வேண்டாம், தவிடு இருக்கட்டும். அரை டம்ளர் பாலில் மத்தால் கட்டியில்லாமல் கடையுங்கள். கெட்டியான நிலையிலேயே கடைந்துவிட வேண்டும், நிறையத் தண்ணீர் விட்ட பிறகு கட்டி உடையாது. அப்புறம் முக்கால் டம்ளரிலிருந்து ஒரு டம்ளர்வரை தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி உருக்கிய நெய். மோரைவிடச் சற்றுக் கெட்டியாக, கரண்டியிலிருந்து தாரையாக விழ வேண்டும். மூடி வைத்து அரை மணி நேரம் அதை மறந்துவிடுங்கள். இந்த அரை மணியைத் திருடினால் தவிடு ஊறாது, குழந்தையின் நாக்கில் உமி போல நெருடும்.

கைப்பிடி உள்ள சின்னக் கல், மிதமான தீ. கல்லை அடுப்பிலிருந்து தூக்கி, அரைக் கரண்டி மாவை நடுவில் விட்டு, மணிக்கட்டால் ஒரு சுழற்று. மாவு தானாக ஓடிப் பரவும். திரும்ப அடுப்பில் வைத்தால் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு வரும். அப்போது திருப்புங்கள். முறுக விடாதீர்கள், முறுகினால் சுருட்டும்போது உடையும். சுட்டதையெல்லாம் அடுக்கி ஒரு வெள்ளைத் துணியால் மூடி வையுங்கள். அந்தச் சூட்டிலேயே பட்டுத்துணி மாதிரி ஆகிவிடும்.

உள்ளே வைக்க, பூவன் பழத்தை மசித்து, தேங்காய்த் துருவல் கொஞ்சம், ஏலக்காய் ஒரு துளி. பழம் கனிந்திருந்தால் வெல்லம்கூட வேண்டாம். விளிம்புவரை தடவாதீர்கள், பிதுங்கிச் சட்டையில் விழும். தடவியதும் இறுக்கிச் சுருட்டுங்கள்; என் சுருள் குழந்தையின் உள்ளங்கை நீளத்துக்குத்தான் இருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டு.

அப்பா ஸ்டாண்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒன்றைச் சுருட்டிக் கையில் கொடுத்தேன். வண்டியில் உட்கார்ந்தபடியே கடித்தார். மென்றார். இன்னொரு கையால் வண்டியைக் கிளப்பிப் பார்த்தார்.

“கைல புடிச்சிகினே ஓட்டலாம் போலகீதே” என்றார். “இன்னும் ரெண்டு சுத்தித் தா.”

காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தெரு முனையில் தோசை சுடுகிறவர்களைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேச்செடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை

வியாழக்கிழமை மூன்றரை மணி. தட்டுகளை வைத்தேன். சட்னி கிடையாது. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு சுருள்.

எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. தூங்கி எழுந்ததும் அவரவர் பாயை அவரவர்தான் சுருட்டி மூலையில் வைக்க வேண்டும். அந்த வேலையை முடித்த கையோடுதான் சாப்பிட வருவார்கள்.

அமீரா தட்டைக் குனிந்து பார்த்தாள். “பாய்” என்றாள்.

எந்த உரையும் ஆற்றுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அது அங்கேதான் இருந்தது. வலது கையால் ஒரு சுருளை எடுத்தாள். அது கையில் பிடித்த இடத்தில் அப்படியே நின்றது. முனையைக் கடித்தாள். கடித்த துண்டு சுலபமாக வாய்க்குள் போய்விட்டது. அவளே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. மிச்சத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு இரண்டாவது வாய் கடித்தாள்.

“உள்ள என்ன கீது அமீரா?” என்று கன்னியம்மா அக்கா மெதுவாகக் கேட்டார்.

வாய் நிறைய இருந்ததால் அமீரா பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எனக்கு உதவியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மற்றவர்களும் கடித்தாக வேண்டியிருந்தது.

அன்று ஆறு தட்டுகள் மிச்சத்தோடு வந்தன. கிருத்திக்கின் தட்டு அதில் ஒன்று. ஒரு முனையை மட்டும் எலி கடித்த மாதிரிக் கடித்து வைத்திருந்தான். ஆனால் தட்டைத் தள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை ராஜி மேடம் சொன்னபடி வந்தார். நாற்காலி போட்டு உட்காரவில்லை. வரிசையின் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். எனக்குக் கல் சுழற்றிச் சுழற்றி மணிக்கட்டு வலித்தது. சமையலறையிலிருந்தே எட்டி எட்டிப் பார்த்தேன். பிள்ளைகள் இன்று கேள்வி கேட்கவில்லை. சுருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே தின்றார்கள். கிருத்திக் முதலாவதை முடித்து, இரண்டாவதை முடித்து, சமையலறை வாசலுக்கே வந்து வலது கையை நீட்டினான். அதில் இன்னொன்றை வைத்தேன்.

இருபது தட்டுகள் காலி. ஒரு பிள்ளைக்கு ஜலதோஷம், பாதியில் தூங்கிவிட்டது. இன்னொன்று பழத்தை மட்டும் நக்கிவிட்டுத் தோசையை அப்படியே வைத்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன் ஆவேன்.

ராஜி மேடம் துணியை விலக்கி, மிச்சம் இருந்த ஒன்றை எடுத்து நின்றபடியே சாப்பிட்டார்.

“எங்காத்துல ஏகாதசிக்கு கோதுமை தோசை பண்ணுவா. சாப்பிடறவா மூஞ்சியப் பார்த்தாலே விரதம்னு தெரிஞ்சுடும்” என்றார். விரலைத் துடைத்துக்கொண்டார். “திங்கக்கிழமைலேர்ந்து பிஸ்கட் வேண்டாம்னு கடையில சொல்லிடு செல்வம்.”

கன்னியம்மா அக்கா தட்டுகளை அடுக்கியபடி என் பக்கம் பார்த்தார். “அப்போ பஞ்சருக்கு வேற வழிதான் பாக்கணும்” என்றார்.

அன்று மாலை நோட்டை எடுத்து “ஆர்வம் இல்லை” என்ற வரிகள் எல்லாவற்றையும் அடித்தேன். பக்கத்தில் “கிழிக்க வரவில்லை” என்று எழுதினேன். மொத்தம் இருபத்திரண்டு முறை. கை வலித்தாலும் எழுதி முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வாசலில் ஒரு புகார்

அடுத்த வாரக் கடைசியில் ஒரு காலை. கிருத்திக்கின் அம்மா அவனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கழுத்தில் அலுவலக அட்டை, பெருங்குடிக்குக் கிளம்புகிற அவசரம். ஆனாலும் என்னைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தார்.

“செல்வம், இவனுக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க?”

நார் விவகாரம் வீடுவரை போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“ஒரு வாரமா வீட்டுக்கு வந்ததும் ஒரே கேள்வி. மாவு தீந்துடுச்சாம்மா, மாவு தீந்துடுச்சாம்மா. இருக்குடான்னு சொன்னா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறான். நேத்து சாயங்காலம் நான் ஃபோன் பேசிட்டு இருக்கேன், இவன் ஃப்ரிட்ஜத் தொறந்து, காலைலதான் அரைச்சு வெச்ச மாவு, பாத்திரத்தோட இழுத்துட்டுப் போய் பாத்ரூம்ல கொட்டிட்டான்.”

நான் கிருத்திக்கைப் பார்த்தேன். அவன் அம்மாவின் கையை விடாமலே என் பக்கமாக ஓர் அடி எடுத்து வைத்தான். இந்த முறை துக்கம் விசாரிக்கிற குரல் இல்லை.

“தீந்துடுச்சு அண்ணா” என்றான்.